கண் பட்டால் பால் வற்றுமா?

கேள்வி: எனக்கு 26 வயது. மகளுக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது. தாய்வீட்டிலிருந்து கரூருக்குப் பேருந்தில் திரும்பும்போது, திண்டுக்கல் தாண்டியதும் பசியில் அழ ஆரம்பித்தாள். துப்பட்டாவைப் போர்த்திப் பால் கொடுத்தேன். அவள் அதை இழுத்து இழுத்து விலக்கினாள். பக்கத்து வரிசையில் ஒருவர் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கூசிப்போய் நிறுத்திவிட்டேன். ஊர் வந்து சேரும்வரை குழந்தை கத்தித் தீர்த்தாள். இறங்கிய இடத்தில் பாலூட்டும் அறை பூட்டிக் கிடந்தது. அடுத்த வாரம் ஒரு கல்யாணம். மண்டபத்தில் வாழையிலைக் கட்டும் அரிசி மூட்டையும் போட்டிருந்த அறைக்குள் போய்க் கொடுக்கச் சொன்னார்கள். "நாலு பேர் கண்ணு பட்டா பால் வத்திப் போயிடும்" என்பது அத்தையின் பேச்சு. கொசுக்கடியில் குழந்தை குடிக்கவே இல்லை. எனக்குப் பால் கட்டி வலித்தது. பெரியம்மா மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொன்னார். அதன்பின் கணவர் பால் பவுடர் டின் வாங்கி வந்தார். வெளியே போனால் மட்டும் என்று தொடங்கியது, இப்போது தினமும் சாயங்காலம் ஒரு பாட்டில் என்றாகிவிட்டது. மார்பு முன்போலக் கனப்பதில்லை. அத்தை சொன்னதுதான் நடந்துவிட்டதா? அடுத்த மாதம் மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போகிறோம். ஒரு வேனில் 20 பேர். நினைத்தாலே பயமாக இருக்கிறது. பொது இடத்தில் பால் கொடுப்பது சட்டப்படி தவறா?

பதில்:

முதலில் அந்த மல்லிகைப்பூ. கட்டினீர்களா, இல்லையா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால் இனிமேல் வேண்டாம். நம் ஊரில் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவது பாலை நிறுத்துவதற்காக. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கும், பால் மறக்கடிக்கிற தாய்க்கும் செய்கிற வைத்தியம் அது. பெரியம்மா வலிக்கு நல்லது என்று மட்டும் நினைவில் வைத்திருந்து சொல்லியிருப்பார். பால் கட்டிக்கொண்டால் குழந்தையைக் குடிக்க விடுங்கள். குடிக்காவிட்டால் இறுக்கம் தளரும் அளவுக்குக் கையால் பீய்ச்சி எடுங்கள். பிறகு குளிர்ந்த ஈரத்துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

அடுத்து, மார்பு கனக்கவில்லை என்ற கவலை. பிரசவ வார்டில் 20 ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்துவிட்டு இப்போது பாலூட்டல் ஆலோசனை மட்டும் பார்க்கிறேன். மூன்றாவது மாதத்தில் வருகிற தாய்மார்களில் பாதிப் பேர் இதே கவலையோடுதான் வருகிறார்கள். ஆரம்ப வாரங்களில் உடம்புக்குக் கணக்குத் தெரியாது. வேண்டியதற்கு மேல் சுரந்து, மார்பு கல்லாகக் கனத்து, ரவிக்கை நனையும். இரண்டு மூன்று மாதத்தில் குழந்தை எவ்வளவு குடிக்கும் என்பது உடம்புக்குப் பிடிபட்டுவிடும். அதன்பின் கனமும் ஒழுகலும் குறையும். மார்பு தளர்ந்து இருப்பதை வைத்துப் பால் வற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போகிறாளா, எடை அட்டையில் கோடு ஏறிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது. ஆனால் நடுவில் பவுடர் பாலும் கொடுப்பதால், அந்த ஒரு பாட்டிலைக் கழித்துவிட்டு யோசிக்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கவலை அந்தச் சாயங்காலப் பாட்டிலைப் பற்றித்தான். பால் சுரப்பது கிணறு ஊறுவது மாதிரி. இறைத்தால் ஊறும், இறைக்காமல் விட்டால் ஊற்று மெதுவாகும். ஒரு வேளைப் பாட்டில் என்றால் ஒரு வேளைப் பால் மார்பிலேயே தங்குகிறது. இவ்வளவு தேவையில்லை போல என்று உடம்பு நாளைக்குக் கொஞ்சம் குறைத்துச் சுரக்கும். அதனால் இன்னொரு பாட்டில் தேவைப்படும். பவுடர் பாலை விஷம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அது இல்லாமல் முடியாத குழந்தைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் குழந்தைக்கு அது தேவைப்பட்டது பால் போதாமல் அல்ல, கொடுக்க இடம் கிடைக்காமல். அந்த டின்னைத் திருப்பிப் பாருங்கள், தாய்ப்பால்தான் சிறந்தது என்று அதிலேயே அச்சடித்திருக்கும். 1992-இல் வந்த மத்தியச் சட்டம் அதைப் போட்டே ஆக வேண்டும் என்கிறது.

இப்போது அத்தையின் பேச்சுக்கு வருவோம். அதில் பாதி உண்மை இருக்கிறது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பால் சுரப்பது வேறு, பால் இறங்குவது வேறு. மார்பில் பால் இருந்தாலும், குழந்தை சப்பத் தொடங்கியதும் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வந்தால்தான் அது காம்புக்கு இறங்கும். மார்பு குறுகுறுக்கும், இன்னொரு பக்கமும் சொட்டும். அதுதான் பால் இறங்குகிற நேரம். பயம், அவமானம், வலி எது வந்தாலும் இந்த ஹார்மோன் அடங்கிவிடும். அந்தப் பேருந்தில் நடந்தது இதுதான். ஒருவர் முறைத்துப் பார்த்தார், உங்கள் உடம்பு இறுகியது, பால் இறங்கவில்லை. குழந்தை இழுத்துப் பார்த்தாள், வரவில்லை, வாயை எடுத்துக் கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நீங்கள் இன்னும் இறுகிப்போனீர்கள். கல்யாண மண்டபத்தின் அரிசி மூட்டை அறையிலும் இதே கதைதான், ஆள் மட்டும் கொசு. கண் பட்டால் பால் வற்றும் என்று நம் பாட்டிமார் கண்டது, பயந்த தாய்க்குப் பால் இறங்காததைத்தான். காரணத்தைக் கண்ணின் மேல் போட்டுவிட்டார்கள். அந்தப் பயம் போனால் அடுத்த வேளையே பால் இறங்கும். வற்றிப்போனதாக இருந்தால் அப்படி வருமா?

ஆகவே மறைத்துக் கொடுப்பதா, மறைக்காமல் கொடுப்பதா என்று என்னிடம் கேட்டால், எப்படி உட்கார்ந்தால் உங்களுக்குப் பால் இறங்குகிறதோ அப்படி என்பேன். திறந்த இடத்தில் உட்கார்ந்து கொடுத்துத்தான் தைரியத்தை நிரூபிக்க வேண்டும் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூடிக்கொண்டால்தான் மனசு அடங்கும் என்றால் மூடிக்கொள்ளுங்கள். உலகத்தைத் திருத்துகிற வேலையை மூன்று மாதக் குழந்தையின் தாய் தலையில் கட்ட வேண்டாம்.

ஆனால் துப்பட்டாவைக் குழந்தையின் தலைமேல் போர்த்துவது இனி எடுபடாது. மூன்று நாலு மாதத்தில் குழந்தைக்கு வேடிக்கை பார்க்கிற புத்தி வந்துவிடும். ஒரு சத்தம் கேட்டால் வாயை எடுத்துத் திரும்பிப் பார்ப்பாள். முகத்தை மூடினால் கையால் தள்ளுவாள். நம் வெயிலில் உள்ளே புழுங்கவும் செய்யும், மூக்கு அழுந்தினால் உங்களுக்குத் தெரியாது. மறைக்க வேண்டியது குழந்தையை அல்ல. அவள் தலைக்கு மேலே தெரிகிற உங்கள் மார்பின் மேல்பாகத்தை மட்டும் மறைத்தால் போதும். குர்திக்குள் கழுத்து தளர்ந்த ஸ்லிப் போடுங்கள். ஸ்லிப்பைக் கீழே இறக்கி, குர்தியைக் கீழிருந்து மேலே தூக்குங்கள். வயிறு தெரியாது, மேல்மார்பும் தெரியாது. நடுவில் இருப்பதை அவள் தலையே மறைத்துவிடும். துப்பட்டாவின் ஒரு முனையைத் தோளில் பின் குத்தித் தொங்கவிட்டால் பக்கவாட்டுப் பார்வையும் படாது. சேலை என்றால் இன்னும் சுலபம். ரவிக்கையின் அடிக்கொக்கிகளை மட்டும் கழற்றி முந்தானைக்குள் கொடுக்கலாம். வெளியே போவதற்கு முன்னால் வீட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நாலு தரம் கொடுத்துப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று நீங்களே பார்த்துவிட்டால் பாதிக் கூச்சம் அங்கேயே கழன்றுவிடும். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. என்னிடம் வருகிறவர்களை நான் முதலில் கண்ணாடி முன்னால்தான் உட்கார வைப்பேன்.

இன்னொன்று, அழுகைக்குக் காத்திருக்காதீர்கள். அழுகை பசியின் கடைசிப் படி. தலையை அங்கும் இங்கும் திருப்புவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கைச் சுழற்றுவது எல்லாம் அதற்கு முன்னால் வரும். அப்போதே மடியில் போட்டால் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்வாள், யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். கத்தத் தொடங்கியபின் கொடுப்பதுதான் பேருந்தையே திரும்பிப் பார்க்க வைக்கிறது. இந்த வயதில் பல குழந்தைகள் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடித்துவிடுவார்கள்.

பேருந்தில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால் இடது மார்பில் கொடுங்கள். குழந்தையின் தலை ஜன்னல் பக்கம் வந்துவிடும், உங்கள் முதுகும் தோளும் நடைபாதைப் பக்கம் மறைப்பாக நிற்கும். பக்கத்தில் வீட்டு ஆளோ, முன்பின் தெரியாத ஒரு பெண்ணோ உட்கார்ந்தால் போதும். "அக்கா, பாப்பாவுக்குப் பசியமர்த்தணும், கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காருங்க" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அவர்களே முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள், எத்தனை மாதம், பேர் வைத்தாச்சா என்று கேட்டு உங்களைப் பேச்சில் இழுத்தும் விடுவார்கள். பேச்சு நடக்கும்போது உடம்பு தளரும், பால் இறங்கும். அப்படியும் ஒருவன் முறைத்தால் நடத்துநரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். கூச வேண்டியது அவன்.

இந்தக் கூச்சம் எப்போது வந்தது என்று சில நேரம் யோசிப்பேன். என் பாட்டி காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து, தெருவோடு போகிறவரிடம் பேசிக்கொண்டே பால் கொடுத்தார்கள். நடவுக்குப் போனவர்கள் வரப்போரத் தூளியில் போட்ட பிள்ளை அழுதால் சேற்றுக் காலோடு ஏறி வந்து, வேப்பமர நிழலில் எல்லோர் முன்னிலும் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். சோழர் காலத்தில் தமிழ்நாட்டில் வார்த்த யசோதை செப்புச்சிலை ஒன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்கிறார்கள். மடியில் குழந்தைக் கண்ணன் பால் குடிக்கிறான். சிற்பிக்கும் கூச்சமில்லை, அதை வார்க்கச் சொன்னவருக்கும் கூச்சமில்லை. நிற்க, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சட்டப்படி தவறா? இல்லை. பொது இடத்தில் பால் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் ஒரு சட்டமும் கிடையாது. 2018-இல் கேரளாவில் ஒரு மலையாள இதழின் அட்டையில் பாலூட்டும் பெண்ணின் படம் வந்தது. அது ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளிவிட்டது. தாய்ப்பால் கொடுப்பது தாயின் உரிமை, அது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. பொது இடங்களில் பாலூட்டும் அறை கேட்டுப் போட்ட வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த வசதியைச் செய்துகொடுக்கும்படி மாநிலங்களுக்கு எடுத்துச் சொல்ல மத்திய அரசைப் பணித்தது. பொது இடத்திலும் வேலையிடத்திலும் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்காமல் இருப்பது குடிமக்களின் கடமை என்றும் நினைவூட்டியது. யாராவது செல்போனில் படம் எடுத்தால் பொறுத்துப் போகாதீர்கள். உடம்பின் அந்தரங்கப் பாகத்தைச் சம்மதமில்லாமல் படம் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவின்படி குற்றம். பெண்கள் உதவி எண் 181, காவல்துறைக்கு 112, ரயிலில் என்றால் 139.

பூட்டிக் கிடந்த அறை விஷயம் என் வயிற்றெரிச்சல். பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் தமிழ்நாடு அரசு 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டித் திறந்தது. மாநிலம் முழுக்க 350-ஐ ஒட்டி இருந்தன. பல மாநிலங்களுக்கு முன்னாலேயே நாம் செய்த காரியம். நன்றாக வைத்திருக்கிற அறைகளையும் பார்த்திருக்கிறேன், துடைப்பமும் பினாயில் கேனும் குடியிருக்கிற அறைகளையும் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை பூட்டியிருந்தால் நேரக் காப்பாளர் அறையில் சாவியைக் கேளுங்கள், அங்கே இல்லாவிட்டாலும் யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கிடைக்கவே இல்லை என்றால் 1100-க்குக் கூப்பிட்டு முதலமைச்சர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். அதற்காக அறையைத் தேடிக் குழந்தையை அழவிட வேண்டாம். கழிவறைக்குள் மட்டும் போகாதீர்கள்.

இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். தம்பி, டின் வாங்கியது அன்பினால்தான் என்று எனக்குப் புரிகிறது. மனைவி கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் உங்கள் கைக்கு எட்டியதைச் செய்தீர்கள். இனிமேல் செய்ய வேண்டியது வேறு. அவர் பால் கொடுக்கும்போது நடைபாதைப் பக்கம் நீங்கள் உட்காருங்கள். செல்போனைப் பையில் போட்டுவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். எவனாவது முறைத்தால் அவன் கண்ணைப் பாருங்கள், அது போதும். "சீக்கிரம் முடி" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த இரண்டு வார்த்தையிலேயே இறங்குகிற பால் ஏறிவிடும். மண்டபத்தில் மூட்டை அறையைக் காட்டினால் மணப்பெண் அறையையோ வேறு நல்ல அறையையோ கேட்டு வாங்குவதும் உங்கள் வேலை, அவருடையது அல்ல.

சாயங்காலப் பாட்டிலை விடுவது எப்படி? சாயங்காலம் குழந்தைகள் சிணுங்குவதும், அரை மணிக்கொருமுறை மார்பு கேட்பதும் இயல்பு. பால் போதாததால் அழுகிறாள் என்று நினைத்துப் பாட்டிலைத் தொடங்குகிற வீடுகள் அதிகம். பாட்டில் நேரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் கொடுங்கள், பிறகு மறுபடியும் முதல் பக்கம். மார்பை மெதுவாக அழுத்திவிட்டால் பால் வேகமாக வரும். அதன்பிறகும் கேட்டால் பவுடர் பாலை இப்போது கொடுப்பதில் கால்வாசி குறைத்து, பாட்டிலுக்குப் பதில் பாலாடையில் (பால் புகட்டும் சங்கில்) புகட்டுங்கள். நாலைந்து நாளைக்கு ஒருமுறை இப்படிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ராத்திரிப் பாலை ஒரு வேளைகூட விடாதீர்கள், சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். ஒன்றுக்குப் போவது ஆறு முறைக்குக் கீழே போனாலோ, எடை ஏறாவிட்டாலோ குறைப்பதை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வெளியே போகிற நாளில் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். குளிர்சாதனப் பெட்டியில் நாலு நாள் வரை தாங்கும். வெளியே நாலு மணி நேரம் என்பார்கள், நம் கோடையில் நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்புவதில்லை.

அத்தையிடம் ஹார்மோன் கதையைச் சொல்லி ஜெயிக்க முயல வேண்டாம். "நீங்க சொன்னது சரிதான் அத்தை, யாராவது முறைச்சா எனக்குப் பால் இறங்கவே மாட்டேங்குது. நீங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டா தைரியமா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒளித்து வைக்கச் சொன்ன கையே மறைத்துப் பிடிக்க வரும். போகிற ஊரும் பொருத்தமான ஊர். திருக்கடையூரிலிருந்து சீர்காழி அதிகத் தூரமில்லை. அங்கே குளக்கரையில் அழுத குழந்தைக்கு உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் ஊட்டிய கதை அத்தைக்குத் தெரியாமல் இருக்காது. ஆண்டுதோறும் சித்திரையில் அந்த ஊர் எடுக்கிற விழாவுக்குத் திருமுலைப்பால் விழா என்றே பெயர். ஊரே கூடி நின்று கொண்டாடுகிறது, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

இனி பயணம். கரூரிலிருந்து கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் வீட்டிலேயே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். திருச்சி, தஞ்சாவூர், மயிலாடுதுறை என்று மூன்று நிறுத்தம் வேண்டும் என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். 20 பேருக்கும் டீ குடிக்க எப்படியும் நிறுத்தத்தான் போகிறார்கள், அந்த நேரத்தில் மற்றவர்கள் இறங்கிப் போனபின் வேனிலேயே உட்கார்ந்து கொடுங்கள். வண்டி ஓடும்போது கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. கோயிலில் ஹோமப் புகைக்குப் பக்கத்தில் வேண்டாம், பிரகாரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் அத்தையோடு உட்காருங்கள். அன்றைக்குப் பட்டுப்புடவை கட்டச் சொல்வார்கள். ரவிக்கையை முன்கொக்கி வைத்துத் தைக்கக் கொடுங்கள், முதுகுக் கொக்கி வைத்தால் திண்டாடிப்போவீர்கள். தையல்காரரிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், முகூர்த்த மாதம் என்றால் கடைசி நேரத்தில் கைக்கு வராது.